நூற்றுக்கு நூறு

போலந்தின் வார்சாவில் நான் பார்த்த வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. டிவியில் கீழே வரும் எழுத்துகளை கம்ப்யூட்டர் படிக்கும். அது சரியாகப் படித்ததா என்று நான் பார்க்க வேண்டும். "இதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்பார் அப்பா.

எனக்கு போலிஷ் தெரியாது. இந்த வேலைக்கு எழுத்தின் வடிவம் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போலிஷில் சில எழுத்துக்கு அடியில் வால் இருக்கும், சிலதுக்குத் தலையில் கோடு. மெஷின் சறுக்குவது அங்கேதான். அரசுத் தொலைக்காட்சியான டிவிபியின் இரவு 7.30 மணிச் செய்திக்கு அப்போது 'வியாதோமோஷ்ச்சி' என்று பெயர். அதில் வரும் ஒரே ஒரு தலைக்கோட்டை மெஷின் பல நாள் விழுங்கிவிட்டது.

2019 அக்டோபர் 13 ஞாயிறு, நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய வியாழன் இரவு டிவிபி ஒரு படம் ஒளிபரப்பியது. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பதிவுதான் என் டெஸ்டுக்கு வந்தது. தலைப்பு 'இன்வாஸ்யா'. ஏழு எழுத்து, ஒரு வால் இல்லை, ஒரு கோடு இல்லை. மெஷின் நூற்றுக்கு நூறு எடுத்தது. சந்தோஷத்தில் பக்கத்து சீட்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "அதுக்கு அர்த்தம் தெரியுமா? படையெடுப்பு."

"யார் படையெடுக்கிறாங்க?"

"நான்தான்."

அவனும் அவன் காதலனும் வளர்க்கும் பூனையின் படம் திங்கள்கிழமைதோறும் எங்கள் டீமுக்கு வரும். படையெடுப்பு அவ்வளவுதான். படமோ, எல்ஜிபிடி (தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள்) அமைப்புக்குள் ரகசிய கேமராவோடு ஆள் அனுப்பி, திகில் இசை போட்டு, இவர்களுடைய நோக்கம் என்ன, பணம் எங்கிருந்து வருகிறது என்று மிரட்டியது. அவன் அம்மா லூப்லின் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தார். வீட்டில் டிவிபிதான் ஓடும். தினமும் செய்தி முடிந்ததும் மகனுக்கு போன் செய்வார். அந்த வியாழன் செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வரிக்கும் அவனிடம் பொருள் கேட்க ஆரம்பித்தேன். கெட்ட வார்த்தை இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. திரும்பத் திரும்ப வந்தது 'எல்ஜிபிடி சித்தாந்தம்' என்ற சொற்கள்தான். சித்தாந்தத்துக்கு அம்மா கிடையாது, பூனை கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம். அந்தச் சொற்களை மெஷின் தவறவிடாதபடி அகராதிப் பட்டியலில் ஏற்றியது நான்தான். வேலை.

2020 ஜூனில் பிஜெக் நகரப் பிரச்சாரத்தில் அதிபர் டுடா இதை வாய்விட்டே சொன்னார்: அவர்கள் மனிதர்கள் என்று நம்மை நம்பவைக்கப் பார்க்கிறார்கள், ஆனால் அது வெறும் சித்தாந்தம். அதே ஆண்டு மார்ச்சில்தான் பொது ஒலிபரப்புக்கு சுமார் 200 கோடி ஸ்வாட்டி (போலந்துப் பணம்) கொடுக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டிருந்தார். டிவிபி அதிபரின் பிரச்சாரக் கருவியாகிவிட்டது என்று ஐரோப்பியத் தேர்தல் பார்வையாளர்கள் எழுதினார்கள். ஜூலையில் 51.03 சதவீதம் வாங்கி அவரே மறுபடி ஜெயித்தார். அன்று அவன் பூனைப் படம்கூட அனுப்பவில்லை.

'இன்வாஸ்யா' பின்னர் நீதிமன்ற உத்தரவால் யூடியூபிலிருந்து போனது. ஆனால் அம்மாவின் மனதில் நின்றதை எந்த உத்தரவு எடுக்கும்? கிறிஸ்துமஸுக்கு அவன் தனியாகத்தான் ஊருக்குப் போய்வந்தான்.

நான் ஊர் திரும்பிய பிறகு, 2023 கடைசியில் ஆட்சி மாறியது. 2024 பிப்ரவரியில் டிவிபியின் செய்தி சேனலில் வோய்ச்செக் ஷெலோங் என்ற தொகுப்பாளர், எதிரில் இரண்டு எல்ஜிபிடி செயற்பாட்டாளர்கள் இருக்க, இத்தனை ஆண்டுகள் அந்தத் திரையில் பேசப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். நீங்கள் சித்தாந்தம் இல்லை, மனிதர்கள் என்றார்.

அந்தக் காட்சியை அவனுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி வந்தது.

"பார்த்தேன். அம்மாவும் பார்த்திருப்பாங்க, அதே சேனல்தானே. போன் வரல." கொஞ்சம் விட்டு இன்னொன்று: "எழுத்தையெல்லாம் மெஷின் சரியா எடுத்துச்சா?"