மூடுபனி மேல் பழி

குன்னூரில் இன்று, அடித்தொனி மெலிந்து ஒலித்த தேவாலய இசைக்குழுவின் கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்தோம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள். மல்டிமீட்டர் ஒவ்வொன்றுக்கும் 6 சொச்சம்தான் காட்டியது.

“பழுதாண்ணா?” என்றான் தம்பி.

இல்லையடா, மீட்டர் அளப்பது சுருளின் நேர்மின் தடையை மட்டும். 8 என்பது ஒலியின் மாறுமின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்த எதிர்ப்பு.

பெட்டியில் ஒயர் செருகும் ஜாக்கில் 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டேன். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வந்தது. மற்றது உள்ளே போனது!

ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறிக் கிடந்தது. ஒன்று தள்ள மற்றது இழுத்தால் அடித்தொனி மெலியாமல் என்ன செய்யும்?

அதைத் திருத்தி, தொடராக இணைத்தோம்: 16 ஓம். பக்க இணைப்பென்றால் 4. இவர்களுடைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் 8, 16 ஓமுக்கான வெளியீடுகள் மட்டுமே உண்டு. ஸ்பீக்கரே இல்லாமல் அதை முடுக்கினால் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

மலையில் எது கெட்டாலும் மூடுபனியைத் திட்டுவது வழக்கம். இந்தப் பெட்டி சமவெளியிலிருந்தே இப்படித்தான் ஏறி வந்திருக்கிறது.