அப்பாவின் பாமினிக் கோப்புகள் யூனிகோடுக்கு வந்த கதை

ஒருவழியாக நேற்றிரவு முடிந்தது. அப்பா எழுதி வைத்த ஊர் வரலாறு, 214 பக்கம், முழுவதும் யூனிகோடில், அதாவது இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டில், இருக்கிறது. தேடினால் அகப்படுகிறது. இதற்கு இரண்டு மாதம் போனது, அதில் மூன்று வாரம் முழுக்க வீண். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு அந்த மூன்று வாரமாவது மிஞ்சட்டும்.

கையெழுத்துப் பிரதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியவை 2003இல் ஓர் அச்சகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துக் கொடுத்த வேர்ட் கோப்புகள் மட்டும். முதலில் அங்கேதான் போனேன். "தம்பி, இதெல்லாம் பழசு, இனிச் சரிவராது. பிரிண்ட் எடுத்துத் தாங்கோ, திரும்ப அடிச்சுத் தாறம்" என்றார் முன்னால் இருந்தவர். கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். திரும்ப அடித்தால் புதுப் பிழைகள்தான் வரும். உள்ளே இருப்பது எதுவும் அழிந்துபோகவில்லை.

கணினி ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகத்தான் வைத்திருக்கும். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிய எழுத்துரு பாமினி. 'தமிழ்' என்ற சொல் அந்தக் கோப்பில் 106, 107, 112, 111, 59 என்று கிடக்கும். யூனிகோடில் அதுவே 2980, 2990, 3007, 2996, 3021. ஐந்துக்கு ஐந்து! ஒரு மாலைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

செய்த தவறு இதுதான்: எல்லாவற்றையும் வெறும் உரையாகச் சேமித்து, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டேன். வெறும் உரையில் எண் இருக்கும், எழுத்துருவின் பெயர் இருக்காது. 44 என்ற எண் பாமினியில் 'இ', ஆங்கில எழுத்துருவில் காற்புள்ளி. அடித்தவர் பல இடங்களில் எழுத்துருவை மாற்றிக் காற்புள்ளி போட்டிருந்தார். எனக்குக் கிடைத்தது 'கல்விஇ விவசாயம்இ மீன்பிடி'. அடிக்குறிப்பில் ஆங்கிலத்தில் இருந்த யாழ்ப்பாணம் (Jaffna) 'துயககயெ' ஆகிவிட்டது. மூன்று வாரம் உட்கார்ந்து 90 பக்கம் வரை கையால் திருத்தினேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் மூலக் கோப்பை லிப்ரெ ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து, இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல்லாகச் சேமித்துப் பார்த்தேன். ஒவ்வொரு துண்டோடும் அதன் எழுத்துருப் பெயர் வந்து நின்றது. பெயர் பாமினி என்றால் மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் போதுமாக இருந்தது. திருத்திய 90 பக்கத்தையும் தூக்கிப் போட்டேன். ஆங்கிலப் பெயர்கள் அப்படியே தப்பின.

நிரல் எழுதுகிறவர்கள் நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும். பாமினியில் 'கொ' என்பது கொம்பு (ெ), க, அரவு (ா) என்று மூன்று எண். 'கெ'யை முதலில் மாற்றிவிட்டால் அரவு தனியாகப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பார்க்க 'கொ' போலவேதான் இருக்கும், ஆனால் 2965, 3018 இருக்க வேண்டிய இடத்தில் 2965, 3014, 3006 இருக்கும்.

இதைவிட மோசமாக மாட்டியது 'ள'வில். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக 'வெளிநாடு' என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. கண் முன்னால், திரையில், அந்தச் சொல் இருக்கிறது! எழுத்தெழுத்தாக எண்ணை எடுத்துப் பார்த்தேன். 'வெளி' 2997, 3014, 2995, 3007 என்று இருக்க வேண்டும். இருந்ததோ 2997, 3020, 3007. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே எண். 'கௌரி'க்கு வைத்த விதி 'வெளி'யையும் 'வௌி' ஆக்கிவிட்டது. 'வெள்ளிக்கிழமை', 'வெள்ளம்', 'தெளிவு' எல்லாம் இப்படித்தான் கெட்டுக் கிடந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று விட்டிருந்தால் இந்தப் புத்தகத்தில் யாரும் எதையும் தேடி எடுக்க முடியாது.

தீர்வு எளிது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. வந்தால் அது 'ெ'யும் 'ள'வும்தான். இந்த ஒரு வரியில் பெரும்பாலானவை நேரானது. மிச்சம் 37 இடத்தைக் கையால் பார்த்தேன். பழைய கோப்புகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், நான் இரண்டு தடவை அவற்றிலிருந்துதான் திரும்பத் தொடங்கினேன்.

நேற்றிரவு 'வெள்ளம்' என்று தேடியபோது 26 இடம் வந்தது. அதில் ஒன்று, 1964 டிசம்பர்ப் புயல் இரவில் அப்பா தன் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியதைப் பற்றிய பத்தி. அப்படி ஒன்றை அவர் எழுதியிருந்ததே எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு அதை மட்டும் பெரிய எழுத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.