பதினைந்து வீடுகள் இருந்த ஊர்: மும்பையைச் சுற்றி ஒரு தவக்காலப் பயணம்

தாராவியில் எங்கள் அன்பியத்தைச் (பங்கின் அண்டை வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒரு திருப்பயணம் போவது வழக்கம். பெரும்பாலும் பழைய கோவாவுக்குப் போய், புனித சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டிருக்கும் பேராலயத்தில் செபித்துவிட்டுத் திரும்புவோம். இந்த ஆண்டு முதியவர்கள் பலருக்கு நீண்ட இரயில் பயணம் இயலாது என்று தெரிந்ததால், மும்பையைச் சுற்றியே ஒரே நாளில் வேனில் போய்வரக்கூடிய வழியொன்றை வகுத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. "பாந்திராவின் மவுண்ட் மேரி மாதா கோயிலை விட்டால் இங்கே கும்பிட என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்தக் கடற்கரையின் கிறிஸ்தவம் போர்த்துக்கீசியரோடு தொடங்கியது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

உண்மை வேறு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய அலெக்சாந்திரியாவின் வணிகர் காஸ்மாஸ், மிளகு விளையும் மலபாரில் கிறிஸ்தவர்கள் இருப்பதையும், கல்லியானா என்னும் ஊரில் பாரசீகத்திலிருந்து அமர்த்தப்பட்ட ஆயர் ஒருவர் இருப்பதையும் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஊரை உடுப்பிக்கு அருகிலுள்ள கல்யாண்பூர் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் நாம் நாள்தோறும் மின்சார இரயிலில் கடந்துபோகும் கல்யாண்தான் அது என்பதே பலருடைய கருத்து. போர்த்துக்கீசியரின் கப்பல்கள் வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே யாரோ மெழுகுவர்த்தி ஏற்றிச் செபித்திருக்கிறார்கள் என்ற எண்ணமே என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்தது.

சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்கு 90 அடிச் சாலையிலிருந்து 17 பேர் புறப்பட்டோம். இட்லியும் புளிச்சாதமும் எடுத்துக்கொண்டோம். அந்தேரி கிழக்கில், ஏற்றுமதி மண்டலமான சீப்ஸின் மதிலுக்குள் 1579இல் இயேசு சபையினர் எழுப்பிய புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்தின் சிதைவு நிற்கிறது. 1840 வாக்கில் கொள்ளைநோய்க்குப் பிறகு மக்கள் அதைவிட்டு மரோலுக்குப் பெயர்ந்தார்கள். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாத இடம் என்பதால், சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

போரிவலியின் மண்டபேஷ்வர் குகைக்கு நான் அவர்களை அழைத்துப் போனதற்குக் காரணம் உண்டு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்தச் சிவன் குடைவரையைப் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சிஸ்கன் துறவி அந்தோனியோ தோ போர்த்தோ மாதாவின் ஆலயமாக மாற்றினார். பாறையின் மேலே மடம் ஒன்றும் எழுந்தது. இன்று மேலே மடத்தின் கூரையற்ற சுவர்களும், கீழே பூசை நடக்கும் சிவலிங்கமும், சிதைந்த நடராசர் சிற்பமும், ஒரு பக்கத்துச் சுவரில் புடைப்பாகச் செதுக்கிய பெரிய சிலுவையும் ஒரே பாறையில் இருக்கின்றன. நாங்கள் நுழைந்தபோது ஒரு குடும்பம் வில்வம் சாத்திக்கொண்டிருந்தது. மற்றவர்கள் தொழுத இடத்தை எடுத்துக்கொண்டு நம் சிலுவையை அங்கே செதுக்கியது பிழையென்று என் மனம் சொல்கிறது. தவக்காலத்தில் நம் சொந்தப் பாவங்களை எண்ணிப்பார்ப்பது போல, நம் திருச்சபை செய்ததையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே நாங்கள் பாட்டுப் பாடவில்லை. அந்தக் குடும்பம் வெளியே வரும்வரை ஒதுங்கி நின்று, சிலுவைக்கு முன் மௌனமாக மண்டியிட்டுவிட்டு வந்தோம்.

தகிசர் சோதனைச் சாவடியைத் தாண்டி, வசாய் கழியின் மேலுள்ள வெர்சோவா பாலத்தைக் கடந்தால் காற்று மாறிவிடுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து இடதுபக்கம் பிரிந்து கோட்டையை நெருங்க நெருங்க வாழைத்தோட்டங்களும், வீட்டு முற்றங்களில் நிற்கும் வெள்ளைச் சிலுவைகளும் கண்ணில் பட்டன. வண்டியில் பாதிப்பேருக்கு நாகர்கோவில் பக்கம் போவது போலவே இருந்ததாகச் சொன்னார்கள்.

வசாய் 1534இல் குஜராத்தின் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து போர்த்துக்கீசியரின் கைக்கு வந்தது; 1739 மே மாதத்தில் சிமாஜி அப்பாவின் தலைமையிலான மராத்தியப் படை அதை வென்றது. இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் கோட்டைக்குள் பிரான்சிஸ்கன், தொமினிக்கன், அகுஸ்தீன் சபையினரும் இயேசு சபையினரும் தனித்தனியே ஆலயங்களும் மடங்களும் கட்டினார்கள். புனித சூசையப்பர் பேராலயத்தின் மணிக்கோபுரம் பனைமரங்களுக்கு மேலே இன்னும் உயர்ந்து நிற்கிறது. அதன் வாயிலின் மேலிருக்கும் கல்வெட்டு, 1601இல் பேராயர் அலெக்சியுஸ் மெனேசிஸ் காலத்தில் அது திருப்பிக் கட்டப்பட்டதைச் சொல்கிறது. உள்ளே பீடம் இருந்த இடத்தில் இப்போது வானம்தான் கூரை. பிரான்சிஸ்கன் ஆலயத்தின் தரை முழுவதும் கல்லறைப் பலகைகள். அவற்றின் எழுத்துகளை மிதிக்காமல் நடக்க முதியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, ஊரில் கல்லறைத் திருநாளன்று எங்கள் தாத்தாக்கள் காட்டிய பணிவு நினைவுக்கு வந்தது.

கோட்டையை வென்ற மராத்தியர்கள் இந்த ஆலயங்களின் மணிகளை எடுத்துப்போய்க் கோயில்களுக்குக் காணிக்கையாக அளித்தார்கள் என்றும், பீமாசங்கர் கோயிலிலும் நாசிக்கின் நாரோசங்கர் கோயிலிலும் தொங்குபவை அந்த மணிகளே என்றும் சொல்வார்கள். மண்டபேஷ்வரைப் பார்த்துவிட்டு வந்திருந்த எங்களுக்கு இதில் வருத்தம் எழவில்லை. ஒரு மக்களின் செபத்துக்காக வார்க்கப்பட்ட வெண்கலம் இன்னொரு மக்களின் செபத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கிறது.

வசாய்க்கு வருவதற்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் புனித கொன்சாலோ கார்சியா. போர்த்துக்கீசியத் தந்தைக்கும் இந்த மண்ணின் தாய்க்கும் 1556 வாக்கில் இங்கே பிறந்து, இயேசு சபையினரிடம் கல்வி கற்று, இளவயதிலேயே சப்பானுக்குப் போய் அந்த நாட்டு மொழியைத் தேர்ந்தவர் அவர். பிறகு வணிகம் செய்து, அதையும் விட்டு, மணிலாவில் பிரான்சிஸ்கன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் அறையப்பட்ட 26 மறைசாட்சிகளில் அவரும் ஒருவர். 1862இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்; இந்திய மண்ணில் பிறந்தவர்களில் அந்த நிலையை முதலில் அடைந்தவர் இவரே. அவர் படித்த இயேசு சபை வளாகத்தின் ஆலயம் இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது. அதன் முகப்பும் தூண்களும் உறுதியாக நிற்கின்றன.

அங்கே சிவப்புக் கட்டம் போட்ட சேலை கட்டிய ஒரு மூதாட்டி தனியாக அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவின் மூத்தவரான பெரியம்மா அவர் அருகில் போய் அமர்ந்துவிட்டார். ஒருவருக்கு மராத்தி மட்டும், மற்றவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். அந்த மூதாட்டி ஆலயத்தைக் காட்டி, "ஆம்சா கொன்சாலோ" என்றார்; எங்கள் கொன்சாலோ என்று பொருள். பெரியம்மா தலையசைத்து, "எங்களுக்கு ஒரு தேவசகாயம் உண்டும்மா" என்றார். காற்றாடிமலையில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாற்றுப் பேராலயத்தில் அடக்கமாகி, 2022 மே 15 அன்று புனிதரான தேவசகாயத்தை அந்த மராத்தி மூதாட்டிக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் இருவரும் மாறி மாறி அவரவர் மொழியில் அருள்நிறை மந்திரம் சொல்லி ஐந்து பத்து மணிகளையும் முடித்தார்கள். சுற்றி நின்ற நாங்கள் எந்த மொழியில் பதில் சொல்வது என்று தெரியாமல் தமிழிலேயே சொன்னோம்.

நண்பகலில் நாலாசோபாராவின் நெரிசலுக்குள் நுழைந்து பழைய சோபாராவுக்குப் போனோம். பெரிப்ளூஸ் என்னும் யவனர்களின் கடல்வழிக் குறிப்பேட்டில் சுப்பாரா என்று வரும் துறைமுகம் இதுதான்; நம் முசிறியைப் பேசும் அதே நூல் இதையும் பேசுகிறது. அசோகரின் பாறைக் கட்டளைகளின் துண்டுகள் இங்கே கிடைத்தன. 1882இல் பகவான்லால் இந்திரஜி இங்குள்ள புத்த தூபியைத் தோண்டியபோது கற்பேழை ஒன்று கிடைத்தது. அதனுள் திருவோட்டின் துண்டுகளும் தங்கப் பூக்களும் வெண்கலப் புத்தர் சிலைகளும் இருந்தன. மண்மேட்டின் நிழலில் புளிச்சாதம் சாப்பிட்டோம். இந்த ஊரைத் தேடி நாங்கள் வந்ததன் காரணத்தை அப்போதுதான் அவர்களுக்குச் சொன்னேன்.

1321ஆம் ஆண்டு. பாரசீக வளைகுடாவின் ஓர்முசிலிருந்து ஒரு கப்பல் புறப்படுகிறது. அதில் நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள்: தோலெந்தினோ ஊர்த் தோமா, பாதுவா ஊர் யாக்கோபு, சியன்னா ஊர்ப் பேதுரு, ஜார்ஜிய நாட்டின் தெமெத்ரியுஸ். அவர்களோடு யோர்தானுஸ் என்னும் தொமினிக்கன் துறவியும் இருந்தார். அவர்கள் போக நினைத்தது கொல்லத்துக்கு. ஆனால் கப்பல் அவர்களைத் தானேயில் கொண்டுவந்து சேர்த்தது. இவர்களில் முதியவரான தோமா, சீனாவில் பணியாற்றிய மொந்தெகொர்வீனோ யோவானின் கடிதத்தை 1307இல் திருத்தந்தையிடம் கொண்டு சேர்த்தவர். திருத்தூதர் தோமாவின் ஆலயம் இருக்கும் இந்திய நாட்டில் யோவான் 13 மாதம் தங்கியதாகவும், அவருடைய தோழர் பிஸ்தோயா நிக்கொலாஸ் அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டதாகவும் அந்தக் கடிதம் சொல்கிறது. நம் மயிலாப்பூரைப் பற்றிய செய்தியைக் கையில் சுமந்தவர்தான் தானேயில் கரையிறங்கினார்.

அக்காலத்தில் தானேயில் பாரசீகத் திருச்சபையைச் சார்ந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களின் வீடுகள் 15 இருந்தன என்று எழுதியிருக்கிறார் பிரான்சிஸ்கன் பயணி ஒதோரிக். அவற்றில் ஒன்றில் துறவிகள் தங்கினார்கள். யோர்தானுஸ் பரூச்சை நோக்கிப் போயிருந்த நாட்களில், அந்த வீட்டுக் கணவன் மனைவிக்குள் நடந்த சண்டை வழக்கு மன்றத்துக்குப் போய், துறவிகள் சாட்சிகளாக அழைக்கப்பட்டு, பேச்சு சமயத்தின் பக்கம் திரும்பியது. ஏப்ரல் 9 அன்று மூவர் கொல்லப்பட்டார்கள். வீட்டுக்குக் காவலாக விடப்பட்டிருந்த பேதுரு இரண்டு நாள் கழித்துக் கொல்லப்பட்டார். இதை அறிந்த தில்லி சுல்தான், அவர்களைக் கொல்லவைத்த தானே ஆளுநரைத் தண்டித்ததாகவும் ஒதோரிக் பதிவு செய்கிறார். சேதி கேட்டுத் திரும்பிய யோர்தானுஸ், ஜெனோவா நாட்டு இளைஞர் ஒருவரின் துணையோடு அந்த உடல்களைச் சோபாராவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார். நாங்கள் அமர்ந்திருந்த மண்ணில் எந்த இடம் என்று காட்ட இன்று ஒரு கல்லும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கை கழுவி வந்து, மண்ணைத் தொட்டு நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அந்த எலும்புகள் அங்கேயே தங்கவுமில்லை. அடுத்த ஆண்டளவில் வந்த ஒதோரிக் அவற்றைத் துணியில் சுற்றிக் கப்பலில் எடுத்துப் போனார். காற்றின்றிக் கப்பல் நின்றபோது ஒரு எலும்பைக் கடலில் இட்டுச் செபித்ததும் காற்று எழுந்ததாக அவர் சொல்கிறார். அவர் அவற்றைச் சேர்த்த இடம் சீனத்தின் குவான்சோ துறைமுகம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும், தமிழ் வணிகரின் சிவன் கோயிலும் இருந்த அதே ஊர்.

கோட்பந்தர் சாலை வழியாகத் தானேயை அடைந்தபோது மாலை ஐந்தரை மணி. மசுந்தா ஏரிக்கரையில் புனித திருமுழுக்கு யோவான் ஆலயம் இருக்கிறது. ஏரியைச் சுற்றிப் படகுக்காரர்களும் பேல்பூரி வண்டிகளும் மாலைக் கூட்டமும் நிறைந்திருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவே ஆலய முற்றத்தில் நின்று மீதிக் கதையையும் சொன்னேன். தோழர்களை இழந்த யோர்தானுஸ் ஓடிப்போகவில்லை. தானேக்கும் சோபாராவுக்கும் இடையில் மட்டும் 35 பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். 1329இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான் அவரைக் கொல்லத்தின் முதல் ஆயராக அமர்த்தினார். இந்தியாவின் முதல் இலத்தீன் மறைமாவட்டம் அது. அந்தக் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்துதான் 1930இல் எங்கள் கோட்டாறு மறைமாவட்டம் பிரிந்தது.

பெரியம்மா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படீன்னா நம்ம பழைய மேற்றிராணியாருக்கக் கூட்டாளிமாரா இவங்க? நாப்பது வருசமா இந்தத் தானே ஸ்டேசன்ல எறங்கி ஏறியிருக்கேன் மக்களே, ஒரு பூ வைக்கலியே" என்றார்.

ஏரிக்கரையில் பூ விற்ற பெண்ணிடம் நான்கு முழம் சாமந்தி வாங்கி, மாதா கெபியின் அடியில் தனித்தனியாக நான்கு சரமாக வைத்தோம். தோமா 1894இல் அருளாளராக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) அறிவிக்கப்பட்டவர் என்பதால் அவர் பெயரை முதலில் சொல்லி, புனிதர்கள் மன்றாட்டு மாலையில் நால்வரையும் சேர்த்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டத்திலும் அப்படியே சொல்ல வேண்டும் என்று பெரியம்மா வண்டியில் ஏறும்போதே எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.