சென்னை வெயிலில் ஒரு சின்ன ரீஃப் டேங்க்

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியான ரீஃப் டேங்க் பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. வாங்க வேண்டிய சாமான்களில் ஹீட்டர் முன்னால் நிற்கும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எங்கோ கடைசியில் "தேவைப்பட்டால்" என்று வரும். சென்னையில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு மீன்கூட வாங்குவதற்கு முன் தண்ணீரின் சூட்டையும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முடிவுசெய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அளவிலிருந்து தொடங்குவோம். 60 × 45 × 45 செ.மீ., அதாவது நம்மூர்க் கணக்கில் இரண்டடி டேங்க். கணக்குப்படி 121 லிட்டர் பிடிக்கும். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி போக ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். 30 லிட்டர் நானோ டேங்க் விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் முதல் டேங்காக அதை வாங்க வேண்டாம். 30 லிட்டரில் ஒரு நத்தை செத்துக் கிடந்தாலே அம்மோனியா ஏறிவிடும், மதியத்துக்குள் இரண்டு டிகிரி கூடிவிடும். 100 லிட்டர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர், கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்ந்து 150 கிலோ வரும் என்பதால் பழைய டிவி ஸ்டாண்டு தாங்காது. இரும்பு ஃபிரேம் அடித்து வாங்குங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடம், ஆகவே இரண்டு கோட்டிங் எபாக்ஸி பெயின்ட் அவசியம்.

இப்போது சூடு. தண்ணீர் 25–27 டிகிரியில் இருக்க வேண்டும். கோரலின் (பவளத்தின்) திசுக்குள் வாழும் நுண்பாசிதான் வெளிச்சத்தைக் கொண்டு அதற்குச் சாப்பாடு தயாரித்துக் கொடுக்கிறது. தண்ணீர் நாள்கணக்கில் 30 டிகிரிக்கு மேலேயே நின்றால் கோரல் அந்தப் பாசியை வெளியே தள்ளி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடலிலேயே இது நடந்தது. மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில், பம்புகளும் லைட்டும் சேர்க்கும் சூட்டோடு டேங்க் 33 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மீனுக்கும் ஆபத்துதான்: உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாகவே ஆக்சிஜன் கரையும், சூடு ஏற ஏற அதுவும் குறையும்.

டேங்கின் விளிம்பில் மாட்டும் சின்ன ஃபேன்கள் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கின்றன. மதுரையின் காய்ந்த காற்றில் நன்றாக வேலை செய்யும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே டேங்க் இருக்கும் அறையில் ஏசி நாள் முழுக்க ஓடாது என்றால் 1/10 எச்பி சில்லர் ஒன்றை முதல் பட்ஜெட்டிலேயே போட்டுவிடுங்கள். லைட்டைவிட முக்கியம் அது. சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைப் பின்னால் ஊதித் தள்ளும். அதை ஸ்டாண்டின் கதவுக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டிலேயே தான் வெந்து, நிற்காமல் ஓடி, கம்ப்ரசர் போய்விடும். நாலு பக்கமும் ஓரடி இடம் விட்டு வெளியே வையுங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு டேங்கிலேயே தங்கிவிடும். ஃபேன் ஓடும் 100 லிட்டர் டேங்கில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குறையலாம். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத சுத்தத் தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். கடல்நீர் டேங்க்தானே என்று உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறார்கள், ஒரு மாதத்தில் எல்லாம் சுருங்கிப்போகிறது. ஒரு சென்சார், ஒரு சின்ன பம்ப், 20 லிட்டர் கேன் – இந்த ஆட்டோ டாப்-ஆஃப் இருந்தால் அந்தக் கவலை இல்லை. சென்சார் பழுதாகிக் கேனில் உள்ளது மொத்தமும் கொட்டினாலும் டேங்க் வழியாதபடி கேன் சிறிதாகவே இருக்கட்டும்.

தண்ணீருக்கு வருவோம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், நைட்ரேட், சிலிக்கேட் எதுவும் இருக்கலாம். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்ஓ போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அப்படியே போதாது, காரணம் உள்ளே இருக்கிறது. பெரும்பாலான வீட்டு ஆர்ஓக்களில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒரு திருகு உண்டு. ருசிக்காக, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். அதற்கு அடுத்து மினரல் கார்ட்ரிட்ஜ். மெம்பரேனிலிருந்து வெளியே வரும் டியூபிலேயே, இவை இரண்டுக்கும் முன்னால், ஒரு டி-கனெக்டர் போட்டு தனியாகத் தண்ணீர் எடுங்கள். உள்ளே போகும் தண்ணீர் 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) டிடிஎஸ் என்றால் நல்ல மெம்பரேன் அதை 40-க்குக் கொண்டுவரும். அதன்பின் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் வைத்தால் பூஜ்யம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும்வரைதான் அந்த ரெசின் நல்லது. 2, 3 என்று ஏறத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள், பாசித் தொல்லையில் பாதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கடற்கரையிலிருந்தே தண்ணீர் கொண்டுவரலாமே என்றால், கூவமும் அடையாறும் கலக்கும் கரையிலிருந்து வேண்டாம் என்பதே என் பதில். சால்ட் மிக்ஸ் வாங்குங்கள். லிட்டருக்கு 36–38 கிராம், அதாவது முதல் தடவைக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதலில் தண்ணீர், பிறகு தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்பான பவர்ஹெட்டை ஓடவிட்டு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் ஒரே இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் அடர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். வாளியின் அடியில் கரையாமல் நிற்கும் வெள்ளைப் பொடி அதுதான், திரும்பக் கரையாது. ஒரு இரவு சுற்றவிட்டு, தண்ணீர் தெளிந்ததும் அளந்து பாருங்கள்: ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (ஒப்படர்த்தி) 1.025–1.026, அதாவது 35 பிபிடி. அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே கணக்குத் தப்பும். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி கரைசலில் சரிபார்க்க வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யத்தைச் சரிபார்த்தாலும் 35-இல் பிசகியிருக்க வாய்ப்புண்டு.

பாறை விஷயத்தில் சட்டத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில், கல்போல் வளரும் பவள இனங்கள் அத்தனையும் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டன. கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டையும் கூடவே. கடையில் ஹேமர், டார்ச், பிரெயின் என்று விற்கப்படும் கோரல்கள் கல்பவள வகையே. மன்னார் வளைகுடாவிலிருந்து உயிரினங்களோடு பெயர்த்த "லைவ் ராக்" என்று யாராவது கொடுத்தால் தொடாதீர்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல்தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் சுண்ணாம்புக்காக அங்கே வெட்டியெடுத்த பவளத்தின் இழப்பு இன்னும் ஈடாகவில்லை. நம் வீட்டு அலங்காரத்துக்காக அங்கிருந்து ஒரு துண்டுகூட வரக்கூடாது. துளைகள் நிறைந்த செராமிக் பாறை, செயற்கை ரீஃப் பாறை 10 கிலோ போதும். முதலில் பாறையைக் கண்ணாடித் தரையில் நேராக உட்காரவைத்து, எபாக்ஸியால் ஒட்டி, அதன்பின்னரே மணலைப் போடுங்கள். மணல்மேல் பாறை வைத்தால் கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் குழி தோண்டும், பாறை சரிந்து கண்ணாடியில் மோதும். அரகோனைட் மணல் 1–2 மி.மீ. பருமனில், 3 செ.மீ. உயரத்துக்கு 12 கிலோ.

கருவிகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணிக்கு 2,000–3,000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் ஒன்று, தண்ணீரின் மேற்பரப்பு கலங்கும்படி சற்று மேல்நோக்கி. நீலம் தூக்கலான எல்இடி ரீஃப் லைட் 8 மணி நேரம், முதல் மாதம் பாதி வெளிச்சத்தில். வாரம் 10 லிட்டர் தண்ணீர் மாற்றத் தயாராக இருந்தால் 100 லிட்டருக்கு கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இல்லாமலும் சமாளிக்கலாம். கேனிஸ்டர் ஃபில்டர் வைப்பவர்கள் அதன் ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை அலச வேண்டும், இல்லையென்றால் சிக்கிய கழிவெல்லாம் நைட்ரேட்டாக மாறும்.

தண்ணீர் நிரப்பியதும் சைக்கிள் தொடங்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேறும் காலம் அது. கடைக்காரர் ஒரு டாம்சல் மீனைப் போடச் சொல்வார். அது பிழைத்தால் பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் துரத்தித் துரத்திக் கடிக்கும், பிடிக்கப் பாறை முழுவதையும் கலைக்க வேண்டும். மீனுக்கும் கொடுமை. அமோனியம் குளோரைடு 0.6 கிராம் 100 லிட்டருக்குப் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் வரும். பாட்டில் பாக்டீரியா சேர்த்தால் இரண்டு மூன்று வாரம், சேர்க்காவிட்டால் நாலு முதல் ஆறு வாரம். போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் டேங்க் தயார். நைட்ரைட் கொஞ்சம் மிச்சமிருந்தால் பதற வேண்டாம். கடல்நீரில் உள்ள குளோரைடு அதை மீனின் செவுளுக்குள் அவ்வளவாக விடாது. ஆனால் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அந்த எண்ணை நம்பாதீர்கள்.

அடுத்த இரண்டு மாதம் டேங்க் அசிங்கமாகத்தான் இருக்கும். மணல்மேல் பழுப்புத் தூசுபோல் டயட்டம் படியும், பிறகு பச்சை முடிப்பாசி வரும். ஐந்தாறு டர்போ அல்லது ட்ரோகஸ் நத்தைகள் விடுங்கள், கையால் பிடுங்குங்கள், தானாக அடங்கும். பயப்பட வேண்டியது டைனோ (டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர்): சளிபோன்ற பழுப்பு இழைகள், ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ், இரவில் குறைந்து மதியம் திரும்பப் போர்த்தியிருக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாகப் பூஜ்யமான டேங்கில்தான் இது கொண்டாட்டமாக வளர்கிறது. பாசியைக் கண்டு பாஸ்பேட் ரிமூவரை அள்ளிப் போடுபவர்கள் டைனோவைத் தாங்களே வரவழைக்கிறார்கள். நைட்ரேட் 5–10 பிபிஎம், பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம் இருக்கட்டும்.

மீன் என்றால் ஒசெல்லாரிஸ் க்ளௌன் ஜோடி, தொட்டியிலேயே பிறந்ததாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் க்ளௌன் மீன்களைக் குஞ்சுபொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது, கடலிலிருந்து பிடிக்கத் தேவையே இல்லை. கொளத்தூர் கடையாக இருந்தாலும் வேறெங்கும் என்றாலும், கண்ணெதிரே மீன் தீனி எடுக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கூட ஒரு கோபி, ஒரு ஃபயர்ஃபிஷ், அவ்வளவுதான். ஃபயர்ஃபிஷ் தாவும், மேலே வலை மூடி வேண்டும். ப்ளூ டாங் ஓரடி வளரும். மேண்டரின் உயிருள்ள கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளைத் தவிர எதையும் லேசில் தின்னாது, புது டேங்கில் பட்டினியால் சாகும். நெடுநேரம் பையில் வந்த மீனை மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாகப் பழக்கக் கூடாது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா அந்தக் கணமே விஷமாகும். பையை மூடியபடி 15 நிமிடம் மிதக்கவிட்டு, உப்பளவு ஒத்துப்போனால் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். புது மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்ப்பது நல்லது. வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து தர வேண்டியிருந்தால் அங்கேயே தரலாம். பிரதான டேங்கில் தாமிரம் பட்டால் நத்தை, இறால், கோரல் எதுவும் மிஞ்சாது, பாறையிலும் அது ஊறிவிடும்.

மூன்றாவது மாதம் கோரல். மஷ்ரூம், சோயாந்தஸ், லெதர், ஜீனியா. இவை கல்லைக் கட்டாத வகைகள் என்பதால் கால்சியம், காரத்தன்மை கொஞ்சமாகவே செலவாகும், வாரத் தண்ணீர் மாற்றமே ஈடுகட்டிவிடும். காரத்தன்மை 8–9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) இருந்தால் சரி. ஒரு டிகேஎச் கூட்ட 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா, ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதைப் போட்டுவிடாதீர்கள். ஜீனியாவைத் தனிப்பாறையில் வையுங்கள், ஒட்டிய பாறையெல்லாம் தனதாக்கிக்கொள்ளும். சோயாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், அது ஒட்டிய பாறையைச் சுத்தம்செய்ய வெந்நீரில் கொதிக்கவைக்கவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு.

கொசுவர்த்தி, லிக்விட் மெஷின், கரப்பான் ஸ்ப்ரே மூன்றிலும் உள்ள பைரெத்ராய்டு வகை மருந்துகள் இறாலுக்கும் மீனுக்கும் நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீரில் கலக்கும் கருவி என்பதை நினைவில் வைத்து, டேங்க் இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். ஒயர்கள் பிளக்கைவிடத் தாழ்ந்து தொங்கிப் பின் மேலேறட்டும், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாத லைனில் டேங்கை இணைக்காதீர்கள்.

மின்வெட்டில் முதலில் தீர்வது ஆக்சிஜன். வேவ்மேக்கரை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள், சில்லரை வேண்டாம், பேட்டரியைச் சீக்கிரமே காலிசெய்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் தானாக ஓடத் தொடங்கும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். டிசம்பர் புயல் மாதிரி நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் தீனியை அடியோடு நிறுத்துங்கள். நலமாக உள்ள க்ளௌன் ஒரு வாரம் பட்டினி தாங்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதானாலும் இதே கணக்குதான். பக்கத்து வீட்டில் தீனி டப்பாவைக் கொடுத்தால் பாசத்தோடு அள்ளிப் போடுவார்கள், நீங்கள் திரும்பும்போது அம்மோனியா ஏறியிருக்கும். ஒவ்வொரு வேளைக்கும் தீனியைத் தனித்தனியாக மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்து, தீனி டப்பாவை ஒளித்துவைத்துவிட்டுப் போங்கள். டாப்-ஆஃப் கேனை நிரப்பி, சில்லரின் வடிகட்டியைத் தட்டிவிட்டால் நாலைந்து நாள் தாராளமாக ஓடும்.