மூன்று ஓய்வுநாளும் ஒன்றரை வருஷமும்

எங்கள் சேலத்துத் திருச்சபைகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், அவர் எத்தனை ஆண்டுகளாக விசுவாசியாக இருக்கிறார் என்பதே முதலில் வரும். இலண்டன் மிஷனரி சங்கத்தார் 1827-இல் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கினார்கள்; தங்கள் குடும்பம் அந்த நாளிலிருந்தே ஆலயத்தோடு இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் வீடுகள் இங்கே உண்டு. அந்தப் பெருமையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலக்கணக்கையே ஆவிக்குரிய முதிர்ச்சியின் கணக்காக எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்துக்குப் புதிய ஏற்பாட்டில் ஆதாரம் கிடைப்பது கடினம்.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒரு வருஷமும் ஆறு மாதமும் தங்கி உபதேசித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் தெசலோனிக்கே வருகிறது. அங்கே அவர் ஜெப ஆலயத்தில் வேதவாக்கியங்களை எடுத்துப் பேசியது மூன்று ஓய்வுநாட்கள்தாம். பிறகு கலகம் எழும்பியதால், சகோதரர்கள் இரவோடு இரவாக அவரைப் பெரோயாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அதன் முன்னும் பின்னும் சில வாரங்கள் சேர்த்துக்கொண்டாலும், கொரிந்தியருக்குக் கிடைத்த போதனையில் சிறு பங்குதான் இவர்களுக்குக் கிடைத்திருக்கும். அப்படியிருந்தும், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்திலேயே, அவர்களுடைய விசுவாசம் மிகவும் பெருகுவதற்காகவும், ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்பு அதிகரிப்பதற்காகவும் பவுல் தேவனுக்கு நன்றி சொல்கிறார். கொரிந்தியரையோ, பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்க முடியாத குழந்தைகள் என்கிறார்.

கொரிந்து சபை வரங்களில் குறைவுபட்டதன்று. எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுலே எழுதுகிறார். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், அறிவு எல்லாம் அங்கே தாராளமாக இருந்தன. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டியதும், சகோதரன்மேல் சகோதரன் வழக்குப் போட்டதும், திருவிருந்துக்குக் கூடிய இடத்தில் ஒருவன் பசியோடிருக்க மற்றொருவன் குடிவெறியோடிருந்ததும்தான் அவர்கள் வளராமல் நின்றதற்கு அடையாளங்கள். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது சபையை நிர்வகிக்கும் நம் ஊர் பாஸ்டரேட் கமிட்டியின் தேர்தல் நாட்கள் நினைவுக்கு வராதவர்கள் பாக்கியவான்கள். (எந்தச் சபை என்று கேட்க வேண்டாம், எல்லாச் சபைக்காரரும் தங்கள் சபை என்றே நினைத்துக்கொள்வார்கள்.)

ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களாகிய லெந்து காலத்தில் சேலத்திலிருந்து குழுக்களாக ஏற்காட்டுக்குத் தியானக் கூடுகைக்குப் போகிறோம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து மேலே சேர்ந்ததும் குளிர்ந்த காற்றும் அமைதியும் ஜெபத்துக்கு உதவுகின்றன. கண்ணீரோடு தங்களைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் உண்மையாகவே ஒப்புக்கொடுக்கிறார்கள். ஏறக்குறைய அதே பருவத்தில், கோடை மழை விழுந்த சில நாட்களில், காப்பித் தோட்டங்கள் முழுவதும் வெள்ளையாகப் பூத்து மணக்கும். அந்தப் பூ சில நாட்களில் உதிர்ந்துவிடும், பழம் சிவக்கவோ கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். தோட்டக்காரர் எவரும் பூவைக் கொண்டு கணக்கை முடிப்பதில்லை. நாம் மட்டும் மலையிலிருந்து இறங்கி வந்த ஞாயிறன்றே சாட்சி சொல்லி, அந்த வருஷத்துக் கணக்கை முடித்துவிடுகிறோம். பதின்வயதுப் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் திடப்படுத்தல் ஆராதனை நடந்தவுடன், இனி வேதபாட வகுப்பு வேண்டியதில்லை என்று பெற்றோர் நினைப்பதும் இதே வகைதான்.

நன்மை தீமையைப் பகுத்தறியும் உணர்வு பயிற்சியினால் வருவது என்கிறது எபிரெயர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம். அந்தப் பயிற்சி ஆலயத்துக்குள் நடப்பது குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு விசுவாசிக்கு, வெள்ளியின் தரத்தைச் சொல்லும்போதும், சேதாரக் கணக்கு எழுதும்போதும், வேலையாளின் கூலியைக் கையில் கொடுக்கும்போதும் அது நடக்கிறது. எவரும் பார்க்காத இடத்தில், சிறு தொகைக்காக, திரும்பத் திரும்ப ஒரே தீர்மானத்தை எடுத்துப் பழகினவனுக்குத்தான் பெரிய சோதனை வரும் நாளில் எது சரியென்று சட்டென்று தெரியும்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வெகுகாலம் செயலாளராக இருந்த ஓர் அம்மாவை ஒரு கூட்டத்தில், முன்கூட்டிச் சொல்லாமலே, மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கு அது வருத்தமாக இருந்தது. வருத்தம் என்று வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார்கள். அடுத்த வாரமே புதிய செயலாளரை அழைத்துக்கொண்டு அம்மாபேட்டையில் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் பணம் கேட்டால் மனம் நோகும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்கு நீளமாக ஜெபிக்கத் தெரியாது, மேடையில் பேசவும் வராது. முதிர்ந்த கிறிஸ்தவர் யாரென்று என்னைக் கேட்டால் அவர்களைத்தான் காட்டுவேன்.

தெசலோனிக்கேயரை நான் குற்றமில்லாதவர்களாக ஆக்கிவிடவில்லை. பவுல் பாராட்டிய அதே நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், வேலை செய்யாமல் பிறர் காரியங்களில் தலையிட்டுக்கொண்டு திரிந்த சிலரைக் கண்டிக்கிறார்; வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற கட்டளை அவர்களுக்குத்தான் எழுதப்பட்டது. ஆனால் கீழ்ப்படியாதவனைச் சத்துருவாக எண்ண வேண்டாம், சகோதரனாக எண்ணிப் புத்தி சொல்லுங்கள் என்றும் உடனே சேர்க்கிறார். வளருகிற சபையிலும் கோணலானவர்கள் இருப்பார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை. அவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதில்தான் கவனம் வைக்கிறார்.

இந்த முறை எங்கள் சபையில் வேட்புமனு வாங்கும் ஞாயிறன்று, அறிவிப்புகளுக்கு முன் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசிக்க வேண்டும் என்று ஆயரையாவிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். கமிட்டியில் இரண்டு பேர், அது தங்களைக் குறித்துத்தான் என்று இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள்.