விரிதாள் வகுப்பு: ஒரு பணியாளரின் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

அலுவலகப் பணிக்கான உயர்நிலைக் கணினிப் பயிற்சி இன்று தொடங்கியது. முதல் நாளிலேயே சூத்திரங்களும், வழக்கமான வேலையைத் தானாகச் செய்யும் மேக்ரோக்களும் வந்து குவியும் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். பயிற்றுநர் ஒரு சூத்திரத்தைக்கூடத் தொடவில்லை. அவரவர் பிரிவில் அன்றாடம் பயன்படும் எக்செல் விரிதாள் கோப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து, "இதில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது?" என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டார்.

எங்கள் பண்டகப் பிரிவின் மாதாந்திரக் கோப்பை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை. பொருட்களின் பெயர்கள் கீழ்நோக்கியும் மாதங்கள் குறுக்காகவும் செல்கின்றன. ஒவ்வொரு கிளையின் பெயருக்கும் நான்கைந்து செல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே கூட்டுத்தொகைகளும், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று விடப்பட்ட வெற்று வரிசைகளும் உள்ளன. அச்சிட்டுக் கோப்பில் வைக்க இது போதும். ஆனால் வடிகட்ட முயன்றால் வெற்று வரிசையோடு நின்றுவிடுகிறது. அகர வரிசைப்படுத்தினால் கூட்டுத்தொகைகள் பொருட்களோடு கலந்துவிடுகின்றன. நிலுவையில் உள்ளவற்றுக்கு மஞ்சள் நிறம் பூசும் வழக்கமும் எங்களிடம் உண்டு. நிறத்தைப் படித்துக் கூட்டித் தரும் சாதாரணச் சூத்திரம் எக்செல்லில் கிடையாது என்பதால், அந்தத் தகவல் கண்ணுக்கு மட்டுமே எட்டும், கணக்குக்கு எட்டாது.

ஒரு வரிசையில் ஒரு நிகழ்வு, ஒரு நெடுவரிசையில் ஒரு பண்பு, ஒரு செல்லில் ஒரு மதிப்பு என்பதே பயிற்றுநர் தந்த விதி. தரவு ஒரு தாளிலும் அறிக்கை வேறொரு தாளிலும் இருக்க வேண்டும் என்றார். கண்ட்ரோலுடன் டி விசையை அழுத்தித் தரவை முறையான டேபிளாக மாற்றிவிட்டால், புதிய வரிசை சேரும்போது சூத்திரங்கள் தாமாகவே நீள்கின்றன.

7 பிப்ரவரி 2025, வெள்ளி

இன்று தேடல் சூத்திரங்கள். பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடி அதற்கு நேரான விவரத்தை எடுத்துத் தரும் வி-லுக்கப் தெரியும் என்று வகுப்பில் பெரும்பாலோர் கை உயர்த்தினோம். அதன் நான்காவது உள்ளீட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டபோது கைகள் இறங்கின. அதைக் குறிப்பிடாவிட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடுகிறது. பட்டியல் ஏறுவரிசையில் இல்லையென்றால், பிழைச் செய்தி ஏதும் இல்லாமலேயே தவறான விலையையோ தவறான பெயரையோ எடுத்துத் தந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக 2019இல் அறிவிக்கப்பட்ட எக்ஸ்-லுக்கப்பில் துல்லியப் பொருத்தமே இயல்புநிலை. தேடும் நெடுவரிசைக்கு இடப்பக்கத்தில் உள்ள மதிப்பையும் அது எடுத்துத் தரும். ஆனால் எக்செல் 2016, 2019 பதிப்புகளில் அது இல்லை. கிளைகளில் பழைய பதிப்புகள் இருக்கும்வரை அதே வேலையைச் செய்யும் இண்டெக்ஸ்-மேட்ச் சூத்திர இணையையும் கைவசம் வைத்திருக்க வேண்டியதுதான்.

வகுப்பு முடிந்த பிறகு ஒரு சிக்கலைப் பிரித்துப் பார்த்தேன். இணையப் பக்கம் ஒன்றிலிருந்து நகலெடுத்த பொருள் குறியீடுகளில் பாதிக்கு மேல் 'கிடைக்கவில்லை' என்றே விடை வந்தது. கண்ணால் ஒப்பிட்டால் இரண்டு பட்டியலிலும் அதே குறியீடுதான். லென் சூத்திரத்தால் நீளத்தை அளந்தபோது ஒன்று 8 என்றது, மற்றொன்று 9 என்றது. இறுதியில் ஒட்டியிருந்த இடைவெளியை நீக்க ட்ரிம் போட்டும் 9 குறையவில்லை. காரணம், ட்ரிம் நீக்குவது 32ஆம் குறியீட்டு எண்ணுள்ள சாதாரண இடைவெளியை மட்டுமே. இணையப் பக்கங்களில் வருவது 160ஆம் எண்ணுள்ள, வரி முறியாத இடைவெளி. எண்ணை எழுத்தாக்கும் கேர் சூத்திரத்தில் 160ஐக் கொடுத்து, அந்த எழுத்தைச் சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தின் மூலம் வெறுமையாக மாற்றியதும் பட்டியல் முழுவதும் பொருந்திவிட்டது.

தமிழ்ப் பெயர்களை லென் எப்படி எண்ணுகிறது என்றும் சோதித்தேன். 'தமிழ்' என்பதற்கு 5 என்று விடை வருகிறது. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும், எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடு முறை தனித்தனியாக வைத்திருப்பதே காரணம். தலைப்பெழுத்தை எடுக்க லெஃப்ட் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் 'கி' என்பது 'க' ஆகிவிடும். தமிழ்ப் பெயர்ப் பட்டியல்களைக் கையாளுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

12 பிப்ரவரி 2025, புதன்

தேதிகளுக்கென்று ஒரு முழு வகுப்பா என்று நினைத்தவன், வகுப்பு முடிந்தபோது அது போதவில்லை என்று நினைத்தேன்.

எக்செல்லுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. இன்றைய தேதியின் செல்லைப் பொது வடிவத்துக்கு மாற்றினால் 45700 என்று காட்டுகிறது. ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இடைப்பட்ட நாட்கள் கிடைப்பது இதனால்தான். 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. ஆனாலும் எக்செல்லில் 60 என்ற எண் 1900 பிப்ரவரி 29ஐக் காட்டுகிறது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த அந்தப் பிழையை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. ஒரு முறை பரவிவிட்ட கோப்பு வடிவத்தைப் பின்னால் திருத்துவது எவ்வளவு கடினம் என்பது எங்கள் பிரிவின் படிவங்களைப் பார்த்தாலே விளங்கும்.

அன்றாட வேலைக்குப் பயன்படுவது வேறொன்று. வேறு மென்பொருளிலிருந்து சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்துக் கோப்பாக வரும் தேதிகளில் நாள் முன்னால் இருக்க, கணினியின் அமைப்பு மாதத்தை முன்னால் எதிர்பார்த்தால், ஏப்ரல் 3 அமைதியாக மார்ச் 4 ஆகிவிடும். நாள் 12ஐத் தாண்டும் தேதிகளோ மாற முடியாமல் வெறும் எழுத்தாகவே தங்கிவிடும். அகலப்படுத்திய நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் அதுதான் அடையாளம்: எண் வலப்பக்கம் சாயும், எழுத்து இடப்பக்கம் சாயும். இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்திவிட்டுத் திருப்தி அடைவது ஆபத்து. உண்மையில் கெட்டுப்போனவை வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதாம்.

இதே தன்னியக்க மாற்றத்தால் மரபணு ஆய்வாளர்களும் அவதிப்பட்டிருக்கிறார்கள். 'மார்ச்1', 'செப்ட்1' போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் வெளியான பெயரிடல் நெறிமுறைகளில் அக்குறியீடுகளையே மாற்றிவிட்டார்கள்.

14 பிப்ரவரி 2025, வெள்ளி

விசைச் சுருக்கங்கள். நீண்ட பட்டியல் தந்தார்கள். எனக்கு மனத்தில் நின்றது ஒன்றுதான். நீளமான சூத்திரத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரிவு செய்து எஃப்9 அழுத்தினால் அப்பகுதியின் விடை அங்கேயே தெரிகிறது. பார்த்து முடித்ததும் எஸ்கேப் அழுத்தி வெளியேற வேண்டும். என்டர் அழுத்தினால் அந்த விடை சூத்திரத்துக்குள்ளேயே நிலையான எண்ணாகப் பதிந்துவிடும்.

20 பிப்ரவரி 2025, வியாழன்

தரவைத் தொகுத்துச் சுருக்க அட்டவணையாக்கும் பிவட் டேபிள் இத்தனை எளிதாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். தரவு ஒழுங்காக இருந்தால், கிளையை வரிசைகளுக்கும் மாதத்தை நெடுவரிசைகளுக்கும் அளவை மதிப்புக்கும் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

பிரிவின் மூத்த கணக்கர் அம்மாவுக்கு இதைக் காட்டினேன். அவருக்கு வேகம் பெரிதாகப் படவில்லை. ஒரு கிளையின் ஜனவரித் தொகையைச் சுட்டி, "இது எங்கேயிருந்து வந்தது தம்பி? எந்தெந்தச் சீட்டு சேர்ந்து இந்த எண் ஆச்சு?" என்று கேட்டார். அந்த எண்ணின் மீது இரட்டைச் சொடுக்குச் செய்ததும், அதற்குள் அடங்கிய வழங்கல் சீட்டுகள் மட்டும் புதிய தாளில் வரிசையாக விரிந்தன. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையில் இருந்த பதிவேட்டோடு ஒவ்வொரு சீட்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தலையசைத்தார். உயர்நிலைத் திறன் என்று வகுப்பில் பேசப்படுவதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுவே: விடையிலிருந்து மூலத்துக்குத் திரும்பிச் செல்லும் வழியைப் பிறருக்கும் திறந்து வைப்பது.

அதே வழி ஆபத்தாகவும் முடியலாம். பிவட் டேபிள் தன் தரவின் படி ஒன்றைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. மூலத்தாளை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வெளியே அனுப்பினாலும், பெறுபவர் இரட்டைச் சொடுக்கால் முழு விவரத்தையும் எடுத்துவிட முடியும். ஊதியம், மருத்துவ விடுப்பு போன்ற விவரங்கள் உள்ள கோப்பாக இருந்தால், மதிப்புகளை மட்டும் ஒட்டிய புதிய கோப்பை அனுப்புவதே முறை.

28 பிப்ரவரி 2025, வெள்ளி

பவர் குவெரி. எக்செல் 2016இலிருந்து மென்பொருளுக்குள்ளேயே இருக்கும், தரவை எடுத்துவந்து சீராக்கும் இந்த வசதியை இத்தனை நாள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் வகுப்பில் விடை சொல்ல முடியாமல் நின்ற எங்கள் மாதாந்திரக் கோப்பையே எடுத்துக்கொண்டேன். இணைக்கப்பட்ட செல்களில் முதல் செல்லில் மட்டுமே கிளையின் பெயர் இருக்கும், மற்றவை வெறுமையாக வரும். 'கீழ்நோக்கி நிரப்பு' என்ற கட்டளை அவற்றை நிரப்பியது. கூட்டுத்தொகை வரிசைகளை வடிகட்டி நீக்கினேன். பிறகு மாத நெடுவரிசைகளைத் தெரிவு செய்து 'அன்பிவட்' கொடுத்தவுடன், குறுக்காக ஓடிய மாதங்கள் எல்லாம் கீழ்நோக்கி இறங்கி, கிளை, பொருள், மாதம், அளவு என நான்கு நெடுவரிசைகளாகச் சீராக நின்றன. மூலக் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. செய்த ஒவ்வொன்றும் வலப்பக்கத்தில் படிகளாகப் பதிவாகியிருக்கிறது; எந்தப் படியைச் சொடுக்கினாலும் அந்த நேரத்தில் தரவு எப்படி இருந்தது என்று பார்க்கலாம். அடுத்த மாதக் கோப்பை அதே கோப்புறையில் போட்டுப் புதுப்பித்தால் போதும்.

ஒரு குறை உண்டு. தரவு வகையை மாற்றும் படியைப் பவர் குவெரி கேட்காமலேயே சேர்த்துவிடுகிறது. அதில் நெடுவரிசைகளின் பெயர்கள் அப்படியே எழுதப்பட்டுவிடுகின்றன. ஒரு கிளை 'அளவு' என்பதை 'எண்ணிக்கை' என்று மாற்றி அனுப்பினால் குவெரி நின்றுவிடும். ஆயினும் தவறான தொகையைத் தந்து ஏமாற்றுவதைவிட நின்றுவிடுவது மேல் என்றே நினைக்கிறேன்.

6 மார்ச் 2025, வியாழன்

வேர்டு. ஸ்டைல்கள் என்ற முன்னமைத்த எழுத்து வடிவங்களைப் பற்றிய பாடம் தெரிந்ததுதான்: தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் தலைப்பு ஸ்டைலைப் பயன்படுத்தினால் பொருளடக்கம் தானாக உருவாகும்.

எக்செல் பட்டியலில் உள்ள விவரங்களை இட்டு ஒரே கடிதத்தைப் பலருக்கும் தயாரிக்கும் மெயில் மெர்ஜில்தான் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்று கிடைத்தது. எக்செல்லில் 15 விழுக்காடு என்று தெரிவது கடிதத்தில் 0.15 என்று வருகிறது. தேதிகளில் மாதம் முன்னால் வந்துவிடுகிறது. வேர்டு எடுத்துக்கொள்வது செல்லின் மதிப்பை. அதன் மேலிருக்கும் வடிவத்தை அது கண்டுகொள்வதில்லை. ஆல்ட்டுடன் எஃப்9 அழுத்திப் புலக் குறியீட்டைத் திறந்து, பின்சாய்கோடும் அட் குறியும் இட்டுத் தேதி வடிவத்தை எழுத வேண்டும். அதில் மாதத்துக்குப் பெரிய 'எம்' எழுத்தைத்தான் இட வேண்டும்; சிறிய 'எம்' நிமிடத்தைக் குறிக்கும்.

13 மார்ச் 2025, வியாழன்

இன்றைய வகுப்பு முழுவதும் உலகறிந்த விரிதாள் பிழைகளைப் பற்றியது.

2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனாத் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டதாக அறிவித்தது. ஆய்வகங்களின் முடிவுகள் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான்; அதைத் தாண்டியவை சேராமல் போயின. புதிய வடிவத்தின் வரம்பு 10,48,576. விடுபட்டவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமாயிற்று.

மற்றொன்று, பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு குறித்து 2010இல் வெளியிட்ட கட்டுரை. சராசரிச் சூத்திரத்தின் எல்லை சில வரிசைகளுக்கு முன்பே முடிந்துவிட்டதால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன் அவர்களுடைய கோப்பையே கேட்டுப் பெற்று ஆராய்ந்து, தம் பேராசிரியர்கள் இருவரோடு 2013இல் இதை வெளியிட்டார். முடிவு மாறியதற்கு அந்தச் சூத்திரம் மட்டுமே காரணம் அன்று; தரவுத் தெரிவையும் எடையிட்ட முறையையும் பற்றிய விமர்சனங்களே அதைவிடப் பெரியவை. வகுப்பில் சூத்திரப் பிழையை மட்டும் பேசியது எனக்கு நிறைவளிக்கவில்லை. எனக்கு வியப்பளித்தது, கோப்பு கைமாறியதும் பிழை வெளிப்பட்டுவிட்டது என்பதே.

20 மார்ச் 2025, வியாழன்

மேக்ரோ. வகுப்பில் எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான். பதிவுக் கருவியை இயக்கிவிட்டு வழக்கமான வேலையைச் செய்தால், அதை எக்செல்லின் நிரல்மொழியான வி.பி.ஏ.வில் நிரலாக எழுதித் தருகிறது. பொத்தானை அழுத்தினால் அந்த வேலை நொடியில் முடிகிறது. பக்கத்து இருக்கைக்காரர் கைதட்டியே விட்டார்.

நான் அவ்வளவு மகிழவில்லை. மேக்ரோ தாளில் மாற்றம் செய்துவிட்டால் அதற்கு முந்தைய செயல்களைக்கூட, செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூவால் மீட்க முடியாது. எழுதியவர் வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போனபின் நிரலைத் திறந்து பார்க்கவும் ஆள் இருப்பதில்லை. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிடுவதால், கிளைகளுக்கு அனுப்புவதிலும் சிக்கல் வரும். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி பி.டி.எஃப். உருவாக்குவது போன்ற வேலைக்கு மேக்ரோவுக்கு ஈடில்லை. தரவைச் சீராக்கும் வேலையைப் பவர் குவெரியிடமே விட்டுவிடுவேன்.

27 மார்ச் 2025, வியாழன்

புதிய கோப்பையும் பழைய கோப்பையும் அருகருகே வைத்துப் பிப்ரவரி மாத அறிக்கையைச் சரிபார்த்தோம். ஒரு கிளையின் தொகை மட்டும் பொருந்தவில்லை. பழைய கோப்பில் சூத்திரங்கள் இருக்க வேண்டிய பகுதியைத் தெரிவு செய்து, எஃப்5 அழுத்தி, 'ஸ்பெஷல்' பெட்டியில் நிலையான மதிப்புகளை மட்டும் காட்டச் சொன்னேன். கூட்டுத்தொகைச் செல் ஒன்று தனியாகத் தெரிந்தது. என்றோ யாரோ சூத்திரத்தின் மீதே எண்ணைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். எத்தனை அறிக்கைகளில் அந்த எண் போயிருக்கும் என்று பின்னோக்கிப் பார்க்கும் வேலை இனிமேல்தான்.

கணக்கர் அம்மா புதிய கோப்பில் தாமே கிளையை மாற்றி, எண்களின் மீது சொடுக்கிச் சீட்டுகளைத் திறந்து பார்த்தார். பிறகு, "நான் விடுப்பில் இருந்தாலும் மற்றவங்களுக்குப் புரியணும், எந்தத் தாளில் என்ன இருக்குன்னு முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்க" என்றார். அந்தப் பக்கத்தில் கோப்புறையின் இடம், புதுப்பிக்கும் முறை, கிளைகள் மாற்றக் கூடாத நெடுவரிசைப் பெயர்கள் ஆகியவற்றை எழுதி முடித்திருக்கிறேன். ஏப்ரல் அறிக்கை வரை இரண்டு கோப்புகளும் இணையாகவே ஓடும்.