சம்பந்தியம்மாவுக்கு விசா எடுத்த கதை

அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான், அண்ணி பிலிப்பைன்ஸ்காரர். கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டதால் அண்ணியின் அம்மாவை நாங்கள் போனில் பார்த்ததோடு சரி. குழந்தைக்குக் காதுகுத்து நம்ம ஊரில்தான் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். முறைப்படி தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், ஆனால் அந்தத் தாய்மாமன் சரக்குக் கப்பலில் இருக்கிறார், ஒப்பந்தம் முடியாமல் இறங்க முடியாது. சரி, அம்மாயியாவது, அதாவது அண்ணியின் அம்மாவாவது வரட்டும் என்று முடிவாகி, விசா வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவன் நான், அவ்வளவுதான் தகுதி.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம். பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், துணி எடுப்பது பொள்ளாச்சியில், விமானம் ஏறுவது கோவையில். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஆரம்பமே வில்லங்கம். இந்திய விசா என்று தேடினால் மேலே வந்து நிற்பதெல்லாம் அரசாங்கத் தளம் இல்லை. அசோகச் சக்கரம், தாஜ்மகால் எல்லாம் போட்டு அச்சு அசலாக இருக்கும் ஏஜெண்ட் தளங்கள். அண்ணி அப்படி ஒன்றில் பாதி ஃபாரம் நிரப்பிவிட்டு, நூறு டாலருக்கு மேல் கேட்கிறது, கட்டிவிடட்டுமா என்று மெசேஜ் போட்டிருந்தார். நல்லவேளை கேட்டார். 2025 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் டெல்லி வந்தபோது, அவர்கள் நாட்டினருக்கு இ-டூரிஸ்ட் விசா ஓராண்டுக்கு இலவசம் என்று நம் அரசு அறிவித்திருந்தது. இலவசமாகக் கிடைப்பதற்கு நூறு டாலர்! முகவரியில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டையே கையில் எடுக்க வேண்டும்.

அப்புறம் பெயர். நமக்கு அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் ஒட்டிக்கொள்ளும், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அதனால் வெளிநாட்டு ஃபாரம் எதைப் பார்த்தாலும் நாம் முழிப்போம். அங்கே கதை வேறு. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் நடுப்பெயராகிவிடும், கணவன் வீட்டுப் பெயர் கடைசியில் வரும், முன்பு நடுவில் இருந்த அம்மா வழிப் பெயர் கழன்றுவிடும். ஃபாரத்தில் எப்போதாவது பெயர் மாற்றியதுண்டா என்று ஒரு கட்டம். அத்தை (அண்ணியின் அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) 'இல்லை' என்றார், கல்யாணம் பண்ணினால் அது மாற்றமா என்றார். நியாயமான கேள்விதான், ஆனாலும் டிக் போட்டு பழைய பெயரைக் கொடுத்தோம்.

பிறந்த தேதியில் மாட்டியிருப்போம். அவர் 04/11 என்று எழுதி அனுப்ப, நான் நவம்பர் நாலு என்று அடித்துவிட்டேன். அவர்கள் மாதத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். பாஸ்போர்ட்டில் ஏப்ரல் என்று எழுத்திலேயே இருந்ததால் தப்பித்தேன். அனுப்புகிற வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்து அடிக்காதீர்கள், பாஸ்போர்ட்டைப் பார்த்து அடியுங்கள்.

அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் வந்தது. நம்ம பத்தாம் வகுப்பு சர்டிஃபிகேட்டில் இருக்குமே, அதேதான். நான் போய் அத்தையிடம் மச்சம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கேட்பது? அம்மாவைக் கேட்கச் சொன்னேன். "ஏஞ்சாமி, மூஞ்சிய நேருல பாக்காத சம்பந்திகிட்ட மச்சத்தையா கேக்கறது?" என்றவள், அப்புறம் வீடியோ காலில் தன் முழங்கையில் இருக்கும் மச்சத்தைக் காட்டி, உங்களுக்கு எங்கே என்று சைகையில் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சட்டைக் கையை மடக்கி அவரும் காட்டினார், ஏறக்குறைய அதே இடம்.

போட்டோ நாலு முறை திரும்பியது. நீளமும் அகலமும் சமமாக இருக்க வேண்டும், வெளிர் பின்னணி, கண்ணாடி கூடாது. முதல் படத்தில் பின்னால் வாழைமரம். கடைசியில் கட்டிலில் இருந்த வெள்ளை விரிப்பைக் கதவில் தொங்கவிட்டு எடுத்தார்கள். பாஸ்போர்ட் பக்கம் பிடிஎஃப்பாக 300 கேபிக்குள் அடங்க வேண்டும் என்பதற்கு மட்டும் எனக்கு ஒரு ராத்திரி போயிற்று. நடுவில் தற்காலிக எண் ஒன்று தருவார்கள், அது இருந்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். தினக்காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் எழுதிவைத்தேன்.

இந்தியாவில் யார் வீட்டுக்கு வருகிறீர்கள் என்ற இடத்தில் பொள்ளாச்சி மாமா நுழைந்தார். இறங்குவது கோவை, தமிழ்நாட்டு முகவரியே கொடுத்துவிடு, என் வீட்டைப் போடு, குழப்பமே வராது என்றார். படுப்பது இங்கே, முகவரி அங்கே என்றால்தான் குழப்பம் என்று எங்கள் வீட்டையே கொடுத்தேன். அதன் விளைவு, அத்தை ஊர்ப் பெயரை உருப்போட வேண்டியதாயிற்று. கொழிஞ்சாம்பாறையின் ழகரம் நம்மாட்கள் பலருக்கே வராது, அவருக்குக் 'கோசின்சம்பரா'தான் வந்தது. போதும், புரியும் என்று விட்டுவிட்டோம்.

அழைப்புக் கடிதமும் ஒன்று எழுதினேன், முதல் பயணம் என்றால் மணிலாவில் கிளம்பும்போதே கேள்வி கேட்பார்களாம். உறவுமுறை எழுத வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் சம்பந்திக்குச் சொல்லே இல்லை. தகலாக் மொழியில் இருக்கிறது: பலாயே. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவரையொருவர் கூப்பிடுவது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், போன் எடுத்தாலே பலாயேதான்.

மூன்றாம் நாள் விசா கிடைத்துவிட்டதாக மெயில் வந்தது. அதில் போட்டிருந்த கடைசித் தேதியைப் பார்த்து மாமா மறுபடி பதறினார். அது உள்ளே நுழைவதற்கான கெடு. தங்கும் 30 நாள், வந்து இறங்கிய நாளிலிருந்துதான் கணக்கு.

நம்மில் பலர் விட்டுவிடுவது இன்னொன்று, தங்க வரும் வெளிநாட்டுக்காரரைப் பதிகிற ஃபாரம். முன்பு ஃபார்ம் சி என்றார்கள், 2025-இல் வந்த புது விதிகளில் அது ஃபார்ம் III. லாட்ஜுக்கு மட்டுமில்லை, வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்க வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கணக்கை முன்கூட்டியே தொடங்கிவைத்துவிடுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு வந்து சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்கப் போனேன், அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள், தூங்கட்டும் என்று. காலையில் பார்த்தால் இரண்டு பேரும் திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. கேட்டதும் அத்தை கையைத் துடைத்துவிட்டுப் பையோடு கொடுத்தார். முத்திரை விழுந்த பக்கத்தைப் படம் எடுத்தேன், வெங்காய வாசம் அடித்தது.